நிறுத்தியிருந்த காரை பார்சல் வண்டி இடிச்சுட்டுது, கம்பெனி கை விரிக்குது. யாருகிட்ட பணம் கேக்கறது?

டானிங்டன்வாசி:

எல்லாருக்கும் வணக்கம்ங்க. கோத்தகிரி டானிங்டன்ல ரோட்டோரமா சுவரை ஒட்டி என் வேகன்ஆரை நிறுத்தியிருந்தேன். 2019 மாடல், வெள்ளை. ஏத்தம்ங்கறதால முதல் கியர், ஹேண்ட் பிரேக், பின் சக்கரத்துக்குக் கல்லு எல்லாம் வச்சுத்தான் இறங்கினேன். ஒரு பெரிய பார்சல் கம்பெனியோட பிக்கப் ரிவர்ஸ் எடுத்து வந்து பின் கதவு, பம்பர், டெயில் லேம்ப் மூணையும் பதம் பார்த்துட்டுது. கதவுல கைப்பிடிக்குக் கீழ ஆரம்பிச்சு சக்கரம் வரைக்கும் ஒரே இழுப்பு. வெள்ளைப் பெயிண்ட் மேல அவன் வண்டி மஞ்சள் அப்படியே ஒட்டியிருக்கு. வச்ச கல்லு வச்ச இடத்துலயே இருக்கு, அதையும் சேர்த்து போட்டோ எடுத்து வச்சிருக்கேன்.

டிரைவர் ஓடிப் போகல. சின்னப் பையன், கை நடுங்கிட்டு நின்னான். "அண்ணா, ரெண்டாயிரம் ரூபா இருக்குங்ணா, வாங்கிக்குங்க, ஆபீசுக்கு மட்டும் சொல்லாதீங்க"ன்னான். வாங்கல. லைசென்ஸ், ஆர்.சி., இன்சூரன்ஸ் எல்லாத்தையும் போட்டோ எடுத்துட்டு அனுப்பிட்டேன். வண்டி டி.என். 40, அதாவது மேட்டுப்பாளையம் பதிவு.

கோவை கிளைக்குப் போன் போட்டா சூப்பர்வைசர் சொல்றாரு, "சார், அது எங்க வண்டி இல்ல, வெண்டர் வண்டி. வெண்டரைக் கேளுங்க." வெண்டரை, அதாவது கம்பெனிக்கு ஒப்பந்தத்துல வண்டி விடறவரைக் கேட்டா, "டிரைவர் பண்ண தப்புக்கு டிரைவர்தான் பொறுப்பு, அவன் சம்பளத்துல புடிச்சுத் தர்றேன், மாசம் ஆயிரம்"ங்கறாரு. வண்டிப் பக்கவாட்டுல கொட்டை எழுத்துல கம்பெனி பேரு இருக்கு, உள்ள இருந்த பார்சல் பூராவும் கம்பெனியோடது.

ஒர்க்‌ஷாப் எஸ்டிமேட்: கதவு 12,000, பம்பர் 4,800, டெயில் லேம்ப் 3,100, பெயிண்டிங் 13,500, டிங்கரிங் கூலி 5,000. மொத்தம் 38,400. எனக்கு ஃபுல் இன்சூரன்ஸ் இருக்கு, நோ கிளெய்ம் போனஸ் (கிளெய்ம் போடாததுக்குப் பிரீமியத்துல கிடைக்கற தள்ளுபடி) 50 சதவீதத்துல நிக்குது. என்ன பண்ணலாம் சொல்லுங்க.

கோவை டு கூடலூர்:

நண்பா, வீண் அலைச்சல். உங்க இன்சூரன்ஸ்ல போட்டு வாங்கிட்டு வேலையப் பாருங்க. கம்பெனிக்காரன்கிட்ட பணம் வாங்கினவன் எவனும் நம்ம ஊர்ல இல்ல. அதுக்குத்தானே வருஷா வருஷம் பிரீமியம் கட்டறோம்?

கட்டபெட்டு ரைடர்:

கன்ஸ்யூமர் கோர்ட்ல தட்டுங்க. கம்பெனி பேரு வெளிய வந்தா அலறியடிச்சு ஓடி வருவான்.

பழைய சர்வேயர்:

வாகன இழப்பீட்டு சர்வேயராகப் பல காலம் குன்னூரிலும் கோவையிலும் வேலை பார்த்தவன் நான். மேலே சொன்ன இரண்டுக்கும் பதில் சொல்லிவிடுகிறேன்.

முதலில் கன்ஸ்யூமர் கோர்ட். நீங்கள் அந்தக் கம்பெனியிடம் காசு கொடுத்து எந்தச் சேவையும் வாங்கவில்லை. நடுத்தெருவில் உங்கள் வண்டியை இடித்தார்கள், அவ்வளவுதான். ஆகவே நீங்கள் அங்கே நுகர்வோர் இல்லை. அவர்களுடைய இன்சூரன்ஸ் கம்பெனிக்கும் நீங்கள் நுகர்வோர் இல்லை. மனு வாசலிலேயே திரும்பும்.

அடுத்து, "உன் இன்சூரன்ஸில் போட்டுக்கொள்." இதைச் சொல்பவர்கள் கணக்குப் போட்டுப் பார்ப்பதில்லை. உங்கள் எஸ்டிமேட்டையே எடுத்துக்கொள்கிறேன். ஜீரோ டெப், அதாவது தேய்மானம் கழிக்காமல் தரும் கூடுதல் காப்பு, எடுக்கவில்லை என்று வைத்துக்கொள்வோம். பிளாஸ்டிக் பாகங்களுக்குத் தேய்மானம் 50 சதவீதம்: பம்பரில் 2,400, டெயில் லேம்பில் 1,550 போச்சு. ஐந்து வருடத்துக்கு மேல் பத்து வருடத்துக்குள் உள்ள வண்டியின் உலோகப் பாகத்துக்கு 40 சதவீதம்: கதவில் 4,800 போச்சு. பெயிண்டிங் பில்லில் கால் பங்கைப் பொருள் செலவு என்று எடுத்து அதில் பாதியைக் கழிப்பார்கள்: 1,687. 1,500 சிசி வரை உள்ள கார் என்பதால் கட்டாயக் கழிவு 1,000. கூட்டினால் 11,400 ரூபாய்க்குக் கொஞ்சம் மேலேயே உங்கள் கையிலிருந்து போகிறது.

இதோடு முடியவில்லை. ஓன் டேமேஜ் (சொந்த வண்டிச் சேதத்துக்கான) பிரீமியம் போனஸ் இல்லாமல் 8,000 என்றால் இப்போது நீங்கள் கட்டுவது 4,000. கிளெய்ம் போட்டால் அடுத்த புதுப்பிப்பில் முழு 8,000. அதன் பிறகு போனஸ் 20, 25, 35, 45 என்று ஏறித் திரும்ப 50 சதவீதத்தைத் தொடும்வரை கூடுதலாகக் கட்டுவதைக் கூட்டிப் பாருங்கள், 10,000 வரும். ஆக, எந்தத் தவறும் செய்யாத நீங்கள் இருபதாயிரத்துக்கு மேல் இழந்துதான் "இலவசமாக" வண்டியைச் சரி செய்கிறீர்கள்.

ஜீரோ டெப் இருந்தால் முதல் பகுதி பெரும்பாலும் தப்பும். போனஸ் தப்பாது. போனஸ் பாதுகாப்பு தனியாக எடுத்திருக்கிறீர்களா, பாருங்கள்.

டானிங்டன்வாசி:

ஐயா, ரெண்டுமே எடுக்கலைங்க. ஏஜென்ட் சொன்னாரு, நாந்தான் மலையில என்ன பெருசா ஆகப்போகுதுன்னு விட்டேன்.

லோடு வண்டி:

நான் கேத்தி பாலாடாவுல இருந்து மேட்டுப்பாளையம் மண்டிக்கு கேரட் லோடு அடிக்கிறவன். அந்தப் பையன் கொடுத்த ரெண்டாயிரத்த வாங்காம விட்டீங்களே, அதுக்கே ஒரு கும்பிடுங்கண்ணா. அது அவன் டீசல் காசா இருக்கும், இல்லேன்னா எவன்கிட்டயாவது கைமாத்து வாங்கினதா இருக்கும்.

வெண்டருங்க எல்லாருமே இப்படித்தான். லாபம் வந்தா முதலாளி, டேமேஜ் வந்தா டிரைவர். மாசம் ஆயிரம்னு சொன்னா ஒத்துக்காதீங்க. ரெண்டு மாசம் கொடுப்பான், மூணாவது மாசம் பையன் வேலைய விட்டு நின்னுருப்பான், அப்புறம் நீங்க யாரப் போய்ப் புடிப்பீங்க?

ஒரு சந்தேகம். பிக்கப் ஓட்ட லைசென்ஸ்ல பேட்ஜ் (வாடகை, சரக்கு வண்டி ஓட்டற தனி அனுமதி) இல்லேன்னு சொல்லி அவங்க இன்சூரன்ஸ்காரன் கழட்டிக்குவானா? எங்க ஸ்டாண்டுல ரொம்ப நாளா இதே பேச்சு.

குன்னூர் குமாஸ்தா:

மாட்டாங்க. மொத்த எடை 7,500 கிலோவுக்குள்ள இருக்கிற சரக்கு வண்டிய இலகுரக வாகன லைசென்ஸே வச்சு ஓட்டலாம்னு உச்ச நீதிமன்றம் 2017ல சொல்லிச்சு. 2024 நவம்பர்ல அஞ்சு நீதிபதி பெஞ்சும் அதையே உறுதி பண்ணிட்டாங்க. பிக்கப் அந்த எடைக்குள்ளதான் வரும். லைசென்ஸ் காலாவதி ஆகாம இருக்கான்னு மட்டும் பாருங்க.

இப்ப மெயின் விஷயம். நான் வக்கீல் ஆபீஸ்ல குமாஸ்தா. இந்த மாதிரி கேசு நெறையப் பாத்தாச்சு. டானிங்டன் அண்ணா, நீங்க கேக்க வேண்டியது டிரைவர இல்ல. ஆர்.சி.யில எவன் பேரு இருக்கோ அவன்தான் சட்டப்படி ஓனர். கைமாத்தி வித்துட்டேன், பேரு மட்டும் மாத்தலங்கற கதையெல்லாம் எடுபடாது. 2018லயே உச்ச நீதிமன்றம் தெளிவாச் சொல்லிருக்கு. வேலைக்காரன் வேலை நேரத்துல, வேலைக்காகப் போறப்ப பண்ணின சேதத்துக்கு முதலாளி பொறுப்பு. இது பழைய சட்டம், புதுசா யாரும் கண்டுபிடிக்கல.

கம்பெனி "வெண்டர் வண்டி"ன்னு சொல்லுதா, சொல்லட்டும். நோட்டீசுல மூணு பேரையும் சேருங்க: ஆர்.சி. ஓனர், பார்சல் கம்பெனி, அந்த வண்டிய இன்சூர் பண்ணின கம்பெனி. கம்பெனி பேரு போட்ட வண்டி, கம்பெனி சரக்கு, கம்பெனி சொன்ன ரூட்டுன்னு எழுதுங்க. யாருக்கு எவ்வளவு பொறுப்புங்கறத அவங்களுக்குள்ள பேசித் தீத்துக்கட்டும்.

முதல்ல ஸ்டேஷன் போங்க. ஆள் அடிபடலன்னா எஃப்.ஐ.ஆர். போட யோசிப்பாங்க, பரவால்ல, சி.எஸ்.ஆர். ரசீது, அதாவது புகார் வாங்கிக்கிட்டதுக்கான ரசீது வாங்கிடுங்க. "வேணும்னே இடிச்சான்"னு மட்டும் எழுதாதீங்க. அது வேற குத்தம், நிக்காது. கவனக்குறைவா ரிவர்ஸ் எடுத்தாருன்னு உள்ளத எழுதினாப் போதும்.

கோவை டு கூடலூர்:

போலீஸ், நோட்டீஸ், வக்கீல் ஃபீஸ். 38 ஆயிரத்துக்கு 20 ஆயிரம் செலவு பண்ணச் சொல்றீங்க. வாழ்க.

அரவேனு அக்கா:

தம்பி, எடுத்தவுடனே வாயை அடைக்காதீங்க. போன வருஷம் எங்க வீட்டுக்கார் ஆல்ட்டோவ ஒரு ஸ்கூல் வேன் இடிச்சுது. நோட்டீஸ் நானே உக்காந்து எழுதினேன், தமிழ்லயே. வக்கீல் யாருக்கும் ஒரு பைசா கொடுக்கல. ஸ்கூல் நிர்வாகம் முதல்ல சிரிச்சுது. தபால் போய்ச் சேந்த அப்புறம் கரஸ்பாண்டன்ட்டே போன் பண்ணி வீட்டுக்கு வரச் சொன்னார். நான் போகல, எழுத்துல கொடுங்கன்னுட்டேன்.

ஒண்ணு சொல்றேன், பக்கத்துக் கடை கேமராவ இன்னிக்கே பாருங்க. எங்க விஷயத்துல பேக்கரிக்காரர், "அக்கா, பழசு மேல புதுசு ஏறி அழிஞ்சு போச்சு"ன்னு கை விரிச்சிட்டார். அதனாலதான் நாங்க கேட்ட தொகை முழுசா வரல.

குன்னூர் குமாஸ்தா:

அக்கா சொன்னது நூத்துக்கு நூறு. பதிவை வாங்கறப்ப, எந்த மெஷின்ல இருந்து யாரு எடுத்ததுன்னு கடைக்காரர்கிட்ட சான்றும் வாங்கிடுங்க. பழைய சாட்சியச் சட்டத்து 65பி பிரிவு இப்ப புதுச் சாட்சியச் சட்டத்துல 63வது பிரிவா வந்திருக்கு. அந்தச் சான்று இல்லேன்னா அவங்க வக்கீலு வீடியோவ ஏத்துக்கக் கூடாதுன்னு நிப்பாரு. பென் டிரைவ்ல ஒண்ணு, மெயில்ல ஒண்ணு வச்சுக்குங்க.

தபால் ஆபீஸ்ல ரெஜிஸ்டர்ட் போஸ்ட்னு கேட்டு நிக்காதீங்க, 2025ல அத ஸ்பீட் போஸ்ட்டோட சேத்துட்டாங்க. ஸ்பீட் போஸ்ட்லயே டெலிவரிச் சான்றோட அனுப்புங்க, ரசீத பத்திரமா வையுங்க.

பழைய சர்வேயர்:

அவர்களுடைய பாலிசியைப் பற்றி ஒரு வார்த்தை. சரக்கு வண்டிக்கும் காருக்கும் மூன்றாம் நபர் சொத்துச் சேதத்துக்கு 7.5 லட்சம் ரூபாய் வரை காப்பு இருக்கும். சிலர் பிரீமியத்தில் கொஞ்சம் மிச்சம் பிடிக்க அதை 6,000 ரூபாயாகக் குறைத்துக்கொள்வார்கள். பாலிசி போட்டோ இருக்கிறது என்றீர்கள், அந்த வரியைத் தேடிப் பாருங்கள். 6,000 என்று இருந்தால் மிச்சத்தை வண்டிக்காரர் சொந்தக் காசில்தான் தர வேண்டும். அது அவருக்குத் தெரிந்தால் பேச்சு வேறு மாதிரி இருக்கும்.

ஆனால் அந்த இன்சூரன்ஸ் கம்பெனி உங்களிடம் நேராகக் காசோலை நீட்டும் என்று எதிர்பார்க்க வேண்டாம். விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாய உத்தரவோ, மக்கள் நீதிமன்ற உத்தரவோ கேட்பார்கள். வண்டிக்காரர் விபத்தைத் தன் இன்சூரன்ஸ் கம்பெனிக்கு எழுத்தில் தெரிவிக்க வேண்டும், மோட்டார் வாகனச் சட்டம் 134வது பிரிவு ஓட்டுநருக்கும் அதே கடமையை வைக்கிறது. பாதிப் பேர் தெரிவிப்பதே இல்லை. நீங்களே நகல் அனுப்பிவிடுங்கள்.

இன்னொன்று. உங்கள் இன்சூரன்ஸ் கம்பெனிக்கும் தகவல் கொடுத்து வையுங்கள். தகவல் கொடுப்பது வேறு, கிளெய்ம் போடுவது வேறு. பிறகு வழியில்லாமல் அங்கேயே போக நேர்ந்தால் "தாமதம்" என்று தட்டிக் கழிக்க முடியாது.

கட்டபெட்டு ரைடர்:

எனக்கு ஒரு டவுட். ஆர்.சி. போட்டோ இல்லாம, வெறும் நம்பர் மட்டும் இருந்தா? பரிவாஹன் (அரசோட வாகன விவர) வெப்சைட்ல போட்டா ஓனர் பேர்ல பாதி நட்சத்திரக் குறியா வருது.

குன்னூர் குமாஸ்தா:

இன்சூரன்ஸ் எப்ப வரைக்கும்னு அதுலயே தெரிஞ்சிடும். முழுப் பேரும் முகவரியும் வேணும்னா சட்டத்துல 160வது பிரிவு இருக்கு. நஷ்டஈடு கேக்கற உரிமை இருக்கிறவங்க ஆர்.டி.ஓ.கிட்டயோ ஸ்டேஷன்லயோ கட்டணம் கட்டிக் கேட்டா அவங்க விவரம் கொடுத்தே ஆகணும். கவுன்ட்டர்ல வாயால கேட்டா "இல்ல"ம்பாங்க. பிரிவு எண்ணப் போட்டு மனுவா கொடுங்க, முத்திரை வாங்கிக்குங்க.

டானிங்டன்வாசி:

எல்லாருக்கும் நன்றி. நிலவரம் சொல்றேன். சி.எஸ்.ஆர். வாங்கியாச்சு. எதிர்ல மருந்துக்கடை கேமராவுல ரிவர்ஸ் எடுக்கறது தெளிவாவே பதிவாயிருக்கு, பையன் இறங்கித் தலையில கை வச்சு நிக்கறது வரைக்கும். கடைக்காரர் சான்றுல கையெழுத்தும் போட்டுட்டார். பாலிசியில 7.5 லட்சம்னுதான் இருக்கு.

இப்ப வெண்டர் புதுசா ஒண்ணு சொல்றாரு. நான் நிறுத்தினதே தப்பான இடமாம், வளைவுக்குப் பக்கமாம். அது வளைவு இல்லீங்க, நேர் ரோடு, நோ பார்க்கிங் பலகையும் கிடையாது.

பழைய சர்வேயர்:

அந்த இடத்தை இருபுறமும் தூரத்திலிருந்து போட்டோ எடுங்கள். பலகை இல்லை, மஞ்சள் கோடு இல்லை, வளைவு எவ்வளவு தள்ளி இருக்கிறது என்பது தெரியட்டும். வளைவில் நிறுத்தியிருந்தால் உங்கள் பங்குக்கு ஒரு பகுதியைக் கழிப்பார்கள் என்பது உண்மைதான். ஆனால் பகல் வெளிச்சத்தில் அசையாமல் நிற்கும் வண்டியை ரிவர்ஸில் வந்து இடித்தவர், "நீ ஏன் அங்கே நின்றாய்" என்று கேட்பது ரொம்பத் தூரம் போகாது. பின்னால் பார்த்து எடுப்பது ரிவர்ஸ் எடுப்பவரின் பொறுப்பு.

கோவை டு கூடலூர்:

சரி, நோட்டீசுக்கும் அசையலன்னா?

குன்னூர் குமாஸ்தா:

ரெண்டு வழி. விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயம் சாவுக்கும் காயத்துக்கும் மட்டும்தான்னு பல பேர் நெனச்சிட்டிருக்காங்க. சொத்துச் சேதத்துக்கும் மனு போடலாம், 165, 166வது பிரிவுகள் அதுக்குத்தான். விபத்து நடந்த இடம், நீங்க குடியிருக்கிற இடம், எதிர்ப்பார்ட்டி இருக்கிற இடம், எதை வேணா தேர்ந்தெடுக்கலாம். நீங்க கோயம்புத்தூர் அலைய வேண்டியதில்ல, கம்பெனிதான் மலை ஏறி வரணும். ஆனா 2022 ஏப்ரல்ல இருந்து ஆறு மாசக் கெடு சட்டத்துல இருக்கு. "பேசிட்டிருக்கோம் பேசிட்டிருக்கோம்"னு இழுத்தடிக்கிறது அத ஓட்டறதுக்குத்தான். சேதம் ரெண்டாயிரத்துக்கு மேலன்னா சிவில் கோர்ட்டுக்கும் போகலாம், அங்க மூணு வருஷம் டைம். ஆனா கோர்ட் ஃபீஸ் கட்டணும், காலமும் ஆகும்.

அதுக்கு முன்னால செய்யக்கூடியது மக்கள் நீதிமன்றம். வழக்கே போடாம வட்ட சட்டப் பணிகள் குழுவுல மனு கொடுக்கலாம். கட்டணம் கிடையாது. அவங்க எதிர்ப்பார்ட்டிக்கு நோட்டீஸ் அனுப்புவாங்க. ரெண்டு பேரும் ஒத்து வந்து உத்தரவு ஆச்சுன்னா அது கோர்ட் தீர்ப்புக்குச் சமம், அப்பீல் இல்ல. வரமாட்டேன்னா கட்டாயப்படுத்த முடியாது, அது ஒண்ணுதான் குறை. ஆனா கோர்ட் முத்திரை போட்ட கவரைப் பாத்தா சூப்பர்வைசர் பேசற தொனியே மாறிடும், கண்ணாரப் பாத்திருக்கேன்.

அரவேனு அக்கா:

எங்களுக்கும் அங்கதான் முடிஞ்சுது. ஒண்ணு சொல்றேன் தம்பி, அவங்க ஒரு பேப்பர நீட்டுவாங்க. "முழுத் தொகையும் பெற்றுக்கொண்டேன், இனி எந்தக் கோரிக்கையும் இல்லை"ன்னு. பணம் அக்கவுன்ட்ல ஏறாம அதுல கையெழுத்துப் போட்றாதீங்க.

டானிங்டன்வாசி:

கொஞ்ச நாள் ஆச்சு, மன்னிக்கணும். விஷயம் முடிஞ்சுது, யாருக்காவது உதவும்னு விவரமா எழுதறேன்.

நோட்டீஸ் மூணு பேருக்கும் போச்சு. எஸ்டிமேட், போட்டோ, சி.எஸ்.ஆர்., மருந்துக்கடை பதிவோட சான்று, எல்லாம் நகல் வச்சேன். வண்டி ஒர்க்‌ஷாப்ல கெடந்தப்ப குன்னூருக்கு வேலைக்குப் போய் வந்த டாக்ஸி பில்லையும் சேத்தேன். இன்சூரன்ஸ் கம்பெனியில இருந்து ஒரு வரி, "எங்கள் பாலிசிதாரர் தகவல் தெரிவிக்கவில்லை"ன்னு. கோவை கிளை வாயே திறக்கல. ஆனா தலைமை அலுவலகச் சட்டப் பிரிவுல இருந்து மெயில் வந்துச்சு: தங்களுக்குப் பொறுப்பு இல்லை, இருந்தாலும் வெண்டரிடம் விளக்கம் கேட்டுள்ளோம்.

அந்த "இருந்தாலும்"தான் வேலை செஞ்சுது. வெண்டரே போன் பண்ணாரு. அவருக்குத் தர வேண்டிய மாச பில்லுல இந்தத் தொகைய நிறுத்தி வச்சுட்டாங்களாம். அதுவரைக்கும் "டிரைவர், டிரைவர்"னு இருந்தவர், "சார், நம்ம ரெண்டு பேரும் பேசிக்கலாமே"ன்னு வந்தாரு. கம்பெனி நேரடியா ஒரு ரூபா கூடத் தரல, பாத்துக்குங்க. ஆனா அவங்களுக்கு நோட்டீஸ் போடாம விட்டிருந்தா அவரு அசைஞ்சிருக்கவே மாட்டாரு.

முதல்ல 20,000ன்னாரு. அப்புறம் பழைய வண்டிக்குப் புதுக் கதவு எதுக்குன்னாரு. சர்வேயர் ஐயா போட்ட கணக்க அப்படியே எடுத்துக் காமிச்சேன், என் இன்சூரன்ஸ்ல போனா எனக்கு எவ்வளவு நஷ்டம்னு. கடைசியில வட்ட சட்டப் பணிகள் குழு முன்னால வச்சு ரிப்பேர் பில் 38,400 முழுசா, டாக்ஸி பில்லுல பாதின்னு எழுதி முடிச்சோம். பணம் அக்கவுன்ட்ல ஏறின அப்புறந்தான் கையெழுத்து. என் போனஸ் 50 அப்படியே இருக்கு.

கோவை டு கூடலூர் அண்ணா, செலவு ஸ்பீட் போஸ்ட்டும் ஜெராக்ஸும்தான்.

கோவை டு கூடலூர்:

வாழ்த்துகள். ஆனா கேமரா இல்லாம, டிரைவர் ஓடிப்போயிருந்தா இந்தக் கதையே வேற. அத ஒத்துக்குங்க.

டானிங்டன்வாசி:

ஒத்துக்கறேன்.

லோடு வண்டி:

பையன் வேலையில இருக்கானாங்கண்ணா? சம்பளத்துல புடிச்சாங்களா?

டானிங்டன்வாசி:

இருக்கான். அத நானும் வெண்டர்கிட்டக் கேட்டேன், புடிக்கலன்னு சொன்னாரு, உண்மையான்னு தெரியாது. ரூட் மாத்திட்டாங்க, இப்ப மஞ்சூர் பக்கம் ஓட்டறான்.

புது உறுப்பினர் ஊட்டி:

இதே மாதிரி எனக்கும் நேத்து நடந்துச்சுங்க. ஃபிங்கர் போஸ்ட்ல நிறுத்தியிருந்த காரை ஒரு தனியார் கம்பெனி பஸ் உரசிட்டுப் போயிடுச்சு, நம்பர் மட்டும் பக்கத்துல இருந்தவர் குறிச்சுக் கொடுத்தாரு. கண்ணாடி உடைஞ்சு மழைத் தண்ணி உள்ள போகுது, அத உடனே மாத்திடலாமா, இல்ல அப்படியே விடணுமா?

பழைய சர்வேயர்:

கண்ணாடியை மாற்றிக்கொள்ளுங்கள், தண்ணீர் புகுந்து சேதம் கூடினால் அதை நீங்கள் தடுக்கவில்லை என்பார்கள். மாற்றுவதற்கு முன் நம்பர் பிளேட்டும் சேதமும் ஒரே படத்தில் வரும்படி போட்டோ எடுங்கள். உடைந்த பாகத்தை ஒர்க்‌ஷாப்பில் விட்டுவிடாமல் வாங்கி வையுங்கள், ஜி.எஸ்.டி. பில் கேளுங்கள். உரசிய இடத்துப் பெயிண்ட்டை மட்டும் இப்போதைக்குத் தொடாதீர்கள், பஸ் நிறம் அதில் இருக்கும். இன்றைக்கே ஸ்டேஷன் போங்கள்.

குன்னூர் குமாஸ்தா:

குறிச்சுக் கொடுத்தவரோட பேரும் போன் நம்பரும் வாங்கினீங்களா? வாங்கலன்னா முதல்ல அத வாங்குங்க, அப்புறம் மத்தது.